தூண்டில் ராடு, ரீல்: அணைக்கரையிலிருந்து வீட்டுச் சுவர் வரை

"கட்லா இழுத்த இழுப்பில் ராடு ரெண்டாப் போச்சு" என்பார்கள். ஒடிந்த துண்டை வாங்கிப் பார்த்தால் பல நேரம் கதை வேறாக இருக்கும். போன மாதம் வண்டி கேரியரில் இடித்திருக்கும், கார் கதவில் நசுங்கியிருக்கும், இல்லையென்றால் வழியெல்லாம் ஈயக்குண்டு ஆடி ஆடித் தண்டில் மோதியிருக்கும். அன்றைக்கு விழுந்த கண்ணுக்குத் தெரியாத கீறல், பவானிசாகரில் ஒரு நல்ல மீன் வளைத்த நேரத்தில் வாயைத் திறக்கிறது. பழி மீன் தலையில் விழுகிறது.

கார்பன் ராடில் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் வளைவை நன்றாகத் தாங்கும். ஆனால் தண்டின் சுவர் மெல்லியது. பக்கவாட்டில் ஒரே புள்ளியில் அடி விழுந்தால் உள்ளே இழை நொறுங்கிவிடும். மேலே வார்னிஷ் பளபளப்பாகவே இருக்கும். கண்ணாடி இழை ராடு கனமானது, மந்தமானது, ஆனால் அடி தாங்கும். அதன் சிக்கல் வேறு: மாதக்கணக்கில் சாய்ந்து கிடந்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். கையில் இருப்பது எந்த ராடு என்று தெரிந்துகொண்டால் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கார்பனுக்கு வழிப்பயணம் எதிரி, கண்ணாடி இழைக்கு வீட்டு மூலை எதிரி.

கொங்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எதிரிகள் கூடுதலாக உண்டு. மாசியில் தொடங்கி வைகாசி வரை அடிக்கும் வெயில், போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தோட்டத்து மோட்டார் ரூம். ஒவ்வொன்றாக வருவோம்.

கரையிலேயே செய்ய வேண்டியவை

முதலில் முள்ளையும் ஈயக்குண்டையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அடுத்த வாரமும் இதே செட்டுதானே என்று முள்ளை, நரம்பு (தூண்டில் நூல்) ஓடும் கைடு வளையத்தில் மாட்டி, நரம்பை விண்ணென்று இழுத்துச் சுற்றி வைப்பது எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். கைடின் உள்வளையம் பீங்கான் போன்ற பொருள். கடினமானது, ஆனால் முள் நுனி அழுத்தினால் சில்லுப் பெயரும். சில்லுப் பெயர்ந்த வளையம் அன்றிலிருந்து நரம்பை அறுக்கும் கத்தி. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கைடைத் தாங்கும் கம்பிக் காலில் மாட்டுங்கள். கைப்பிடிக்கு மேலே முள் மாட்டவென்றே சின்னக் கொக்கி இருந்தால் அதுதான் இடம். ஈயத்தையோ சுழலியையோ ராடின் நுனியில் இருக்கும் டிப் வளையம் வரை முட்ட இழுத்து நிறுத்துவதும் அதே கெடுதல்தான். டிப் வளையம் நகர்ந்து கழன்று வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடுத்து ஈரத் துணியால் ராடைத் துடைக்க வேண்டும். அணை வண்டல் காய்ந்தபின் உப்புத்தாள் மாதிரி. இணைப்புக்குள் போனால் இரண்டு பக்கமும் தேயும். கைப்பிடியில் ஒட்டிய மைதா மாவு, பிண்ணாக்கு, மண்புழுச் சாறு எல்லாவற்றையும் அங்கேயே கழுவிவிடுங்கள். கைப்பிடியில் இருக்கும் கார்க்கை எலி கடிப்பது பசியால், அந்த வாசனைதான் அதைக் கூப்பிடுகிறது.

இரண்டு துண்டு ராடைக் கழற்றும்போது இணைப்புக்குப் பக்கத்தில், இரு புறமும் ஒரு சாண் இடைவெளிக்குள் பிடித்து நேராக இழுங்கள். கைடைப் பிடித்துத் திருகினால் கைடின் நூல்கட்டு விட்டுப்போகும். வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டுவதில் பயனில்லை. குந்தி உட்கார்ந்து, ராடை இரண்டு முழங்காலுக்குப் பின்னால் கிடையாக வைத்து, முழங்காலை ஒட்டி வெளிப்புறமாக இரு கையாலும் பிடித்துக்கொண்டு, கால்களை மெதுவாக விரியுங்கள். இழுப்பு நேர்கோட்டில் சமமாகப் போகும். அதற்கும் அசையாவிட்டால், உள்ளே நுழைந்திருக்கும் துண்டின் மேல் இணைப்பை ஒட்டி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சில நிமிடம் வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். நெருப்புப்பெட்டி, லைட்டர் வேண்டவே வேண்டாம். பிசின் இளகினால் அந்த இடம் செத்துவிடும்.

இணைப்பு சிக்குவதைத் தடுக்க ஐந்து ரூபாய் மெழுகுவர்த்தி போதும். உள்ளே நுழையும் பகுதியைச் சுத்தமாகத் துடைத்து, மெழுகை நான்கு கோடாக இழுத்து, விரலால் தேய்த்துப் பரப்பிவிடுங்கள். சிக்கவும் சிக்காது, வீசும்போது கழன்று தண்ணீரில் போய் விழவும் விழாது. பழைய மெழுகில் மண் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் டெலஸ்கோப்பிக் ராடுக்கு வேறு கணக்கு. விரிக்கும்போது நுனித் துண்டில் ஆரம்பியுங்கள். மடக்கும்போது அடித் துண்டில் ஆரம்பியுங்கள். தலைகீழாகச் செய்தால் மெல்லிய நுனி தாங்கலில்லாமல் நிற்கும்போது அடியில் தள்ளுகிறோம் என்று அர்த்தம். நுனி ஒடியும். சிக்கிக்கொண்டால் அடிமூடியைக் கழற்றி, ராடைச் செங்குத்தாகப் பிடித்து, பலகை மேல் லேசாகத் தட்டுங்கள். சிமெண்ட் தரையில் தட்டக் கூடாது. இந்த ராடுகளுக்குள்தான் தண்ணீர் அதிகம் தேங்கும். வீட்டுக்கு வந்ததும் அடிமூடியைத் திறந்து, துண்டுகளைப் பின்பக்கமாக வெளியே எடுத்து, நிழலில் ஒரு நாள் காய வைத்தால்தான் உள்ளே இருக்கும் மணலும் வெளியே வரும்.

கழுவுவது, காய வைப்பது

அணை, ஆறு, குளம் என்றால் ரீலைப் பெரிதாகக் கழுவ வேண்டியதில்லை. ஈரத் துணியால் துடைத்தாலே போதும். தனுஷ்கோடி, பொன்னானி என்று கடலுக்குப் போய் வந்திருந்தால் அன்றைக்கு ராத்திரியே கழுவிவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ரீலில் மறுநாள் துரு தெரியாது, மறு மாதம் தெரியும்.

கழுவும் முன் டிராக் திருகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு எளிதாக விடுவது என்று கட்டுப்படுத்தும் திருகை, நன்றாக இறுக்குங்கள். தண்ணீர் டிராக் வட்டுகளுக்குள் போகாமல் தடுப்பது அந்த இறுக்கம்தான். குழாயை மெல்லிய பூவாளி மாதிரித் திறந்து அரை நிமிடம் காட்டினால் போதும். வாளியில் முக்கக் கூடாது. வண்டி கழுவும் பிரஷர் பம்ப்பைக் காட்டவே கூடாது. வெளியே இருந்த உப்பை அது பேரிங்குக்குள் குத்தி ஏற்றும்.

இங்கேதான் போர் தண்ணீர் குறுக்கே வருகிறது. அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் பல போர்களில் வரும் தண்ணீர் காய்ந்தால் குவளையில் வெள்ளையாகப் படியும். அதே படிவு ரீலின் பெயில் கம்பி (நரம்பைச் சுற்றிவிடும் வளைந்த கம்பி) மூட்டிலும், அதன் முனையில் நரம்பு ஓடும் லைன் ரோலரிலும் படியும். எந்தத் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசல் குடிதண்ணீரில் இருக்கட்டும். சிறுவாணியோ ஆற்றுத் தண்ணீரோ வரும் வீடென்றால் கவலையில்லை. மற்றவர்கள் அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரைத் தெளிப்பானில் ஊற்றி அடித்தால் சரி.

பிறகு ரீலை உதறி, துணியால் ஒற்றி, டிராக்கை முழுக்கத் தளர்த்தி, நரம்பு சுற்றிய ஸ்பூலைக் கழற்றித் தனியாக வையுங்கள். மொட்டை வெயில் வேண்டாம், மின்விசிறிக் காற்று போதும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு போட்ட ஸ்பூலுக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். பிரெய்டின் இழை தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் பின்னலுக்கு நடுவே தண்ணீர் தங்கும், அது அடியில் இருக்கும் ஸ்பூல் உலோகத்தை அரிக்கும். துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை விட நல்ல துணி கிடையாது. வெள்ளைப் பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். சாயத் துணியின் நிறம் ஈரத்தில் கார்க்கில் ஏறும்.

எண்ணெய்

தையல் மெஷின் எண்ணெய் திருப்பூர், ஈரோட்டில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். நீர்போல இருக்கும் அந்த நிறமற்ற எண்ணெய் ரீலின் பேரிங்குக்கு ஒத்துப்போகும். அளவு, ஒரு இடத்துக்கு ஒரு சொட்டு: லைன் ரோலர், பெயில் கம்பியின் இரண்டு மூட்டு, கைப்பிடிக் குமிழ், கைப்பிடித் தண்டு நுழையும் இடம், ஸ்பூலுக்கு அடியில் ஏறி இறங்கும் நடுத்தண்டு. சிரிஞ்சு ஊசியில் எடுத்துவிட்டால் சொட்டு அளவு தப்பாது. ஐந்து முறை கைப்பிடியைச் சுற்றி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். வழிந்த எண்ணெய் மண்ணைப் பிடித்து வைக்கும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாமுங்க. மார்கழிக் காலையில் பொள்ளாச்சி வீடுகளில் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். ரீலுக்குள்ளும் அதே கதைதான். உறையாத காலத்திலும் நாள்பட்டால் பிசுபிசுப்பாகி அழுக்கைச் சேர்க்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் இதே கணக்கு. துருப்பிடித்த நட்டு கழற்ற அடிக்கும் ஸ்ப்ரேயையும் ரீலுக்குள் அடிக்காதீர்கள். அது உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிப் போய்விடும். சுற்றும்போது கொஞ்ச நாள் சல்லென்று இருக்கும், பிறகு பல்சக்கரம் கரகரக்கும்.

பல்சக்கரத்துக்குக் கிரீஸ்தான். பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகப் பல்லெல்லாம் பரப்பினால் ஒரு வருஷத்துக்கு வரும். ஆனால் ரீலைத் திறந்து பழக்கமில்லாதவர் திறக்காமல் இருப்பதே நல்லது. உள்ளே சிகரெட் தாள் கனத்தில் வாஷர்கள் இருக்கும்; ஒன்று தவறினால் சுற்றும்போது ஆட்டம் வந்துவிடும். திறந்தே தீருவேன் என்றால் ஒவ்வொரு படிக்கும் போனில் படம் எடுத்து, பாகங்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வையுங்கள். ஒரு இடத்தை மட்டும் தொடவே வேண்டாம்: ரீல் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் உருளை பேரிங். அதற்குள் கிரீஸ் போனால் உருளைகள் வழுக்கும், மீன் இழுக்கையில் கைப்பிடி பின்னால் ஓடி விரல் முட்டியைப் பதம் பார்க்கும்.

வீட்டில் எங்கே வைப்பது

தகரக் கொட்டகையிலும் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியிலும் ராடு வைக்கக் கூடாது. சித்திரையில் அந்த ஷீட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். டிப் வளையத்தை ஒட்டியிருப்பது பல ராடுகளில் சூட்டில் இளகும் பசை. கைடின் நூல்கட்டு மேல் பூசிய எபாக்சியும் தொடர்ந்து சூடுபட்டால் மஞ்சளாகி வெடிக்கும். ஓட்டு வீட்டின் விட்டத்துக்கு அடியில், காற்றோட்டமான இடம் நல்லது. காங்கிரீட் வீடென்றால் மேல்மாடி அறையை விடக் கீழ்த்தள அறை நல்லது. பரணில் வைத்தால் மேலே வேறு பாரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குப் பண்டிகை பரணில் ஏறும் அண்டா, குண்டாவெல்லாம் ராடின் மேல்தான் உட்காரும்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் ரூம் கைக்கு வாகான இடம். கிணற்றடி, கதவுக்குப் பூட்டு உண்டு, தூண்டில் போடும் இடமும் பக்கம். ஆனால் அதே அறையில் யூரியா மூட்டை இருக்கும், பொட்டாஷ் இருக்கும், பூச்சிமருந்து டப்பா இருக்கும், பம்ப்பின் ஈரம் இருக்கும். பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான். உரங்கள் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்போது பக்கத்தில் இருக்கும் உலோகம் எல்லாம் அரிக்கும். கைடுக் கம்பியில் பச்சைப் பூசணம் மாதிரிப் படிவதும் ரீல் திருகு இறுகிப்போவதும் அங்கே வைத்த சாமான்களில்தான். ராடைச் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) கொண்டுவந்து வையுங்கள். மோட்டார் ரூமில் மண்வெட்டி இருக்கட்டும்.

நிறுத்தி வைப்பதா, கிடத்தி வைப்பதா? இரண்டும் சரி, சாய்த்து வைப்பது மட்டும்தான் தப்பு. மூலையில் சாய்த்த ராடு தன் கனத்திலேயே வளைந்து நிற்கும். நிறுத்துவதென்றால் அடியில் பலகையோ கனமான துணியோ போட்டு, மேலே மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஒரு பிடிப்பு, தளர்வாக. கிடத்துவதென்றால் ஒரே துண்டான ஏழடி ராடுக்கு மூன்று இடத்தில் தாங்கல் வேண்டும், இரண்டு தாங்கலுக்கு நடுவே இரண்டடி இருக்கலாம். இரண்டு துண்டாகப் பிரித்து வைத்தால் துண்டுக்கு இரண்டு தாங்கல் போதும். பலகையில் அரைவட்டமாக வெட்டி, உள்ளே பனியன் துணி ஒட்டினால் தாங்கல் தயார். சைக்கிள் டியூப் ரப்பரை உள்ளே ஒட்டுகிறவர்கள் உண்டு; வெயில் காலத்தில் ரப்பர் இளகி வார்னிஷில் கறையாக ஒட்டிக்கொள்ளும். இதே காரணத்தால் துண்டுகளைச் சேர்த்துக் கட்டவும் ரப்பர் பேண்டு வேண்டாம், வெல்க்ரோ பட்டை போதும். ஆணியில் கைடை மாட்டித் தொங்கவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மாடிவீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ராடின் துண்டுகளை வீட்டுக்குள் சேர்த்துப் பூட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்.

ரீலை வைக்கும்போது டிராக் தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கியே வைத்தால் கம்பளி வட்டுகள் நசுங்கி, அடுத்த முறை டிராக் வழவழவென்று விடாமல் விக்கி விக்கி விடும். அந்த விக்கலில்தான் மெல்லிய நரம்பு அறும். முழுக்கக் கழன்று திருகு காணாமல் போகும் அளவுக்குத் தளர்த்த வேண்டாம். கையால் இழுத்தால் நரம்பு தாராளமாக வந்தால் சரி. பெயில் கம்பி மூடியிருக்கட்டும்.

ரீலைப் பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் பனியன் துணி சுற்றி வைக்கலாம். காற்றுப் புகாத டப்பா என்றால் ரீல் நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும். ஈரத்தோடு மூடினால் டப்பாவே குழம்புச்சட்டி. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆனி ஆடியில் சாரல் விடாது, மற்ற ஊர்களில் ஐப்பசி கார்த்திகை. அந்த மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடுங்கள். மருந்து டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வருவதைச் சேர்த்து வைத்தாலே போதும். நீல மணி வகை ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நஞ்சு, எனவே சமையல் பாத்திரத்தில் போட்டு வறுத்து மீட்க நினைக்காதீர்கள்.

ரப்பர் மாதிரியான மென்மையான செயற்கை இரைகளை அவை வந்த கவரிலேயே வையுங்கள். வேறு வேறு வகையை ஒரே டப்பாவில் கொட்டினால் சூட்டில் ஒன்றோடொன்று உருகிக் களியாகும். சில டப்பாக்களின் பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

நைலான் நரம்பு வெயிலில் கெடும். நிழலில் வைத்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. சந்தேகமிருந்தால் முதல் இரண்டு மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த துண்டில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் மொத்தமாக மாற்றுங்கள். வெட்டி எறிவது என்றால் கரையில் எறிவது அல்ல. கொங்குப் பக்கம் மயில் இல்லாத தோட்டம் இல்லை. காலில் நரம்பு சுற்றிய மயில் நொண்டும், கால் கறுக்கும், செத்துப்போகும். பழைய நரம்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள்.

பி.வி.சி. பைப்பில் ஒரு உறை

கடையில் விற்கும் துணிப்பை கீறலைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. வண்டியில் போகிறவர்களுக்குக் குழாய் உறை வேண்டும். போர்வெல்லும் பம்ப்செட்டும் ஓடும் நம் ஊர்களில் அதற்கான பொருளுக்குப் பஞ்சமில்லை. விவசாய பைப் இருபதடி நீளத்தில் விற்கும், ஆனால் எந்த பைப் கடையிலும் வெட்டிய மிச்சத் துண்டு கிடக்கும். கேட்டால் எடை போட்டுக் கொடுப்பார்கள்.

அளவு இப்படி. ஏழடி, இரண்டு துண்டு ராடு ஒன்றுக்கு 75 மில்லிமீட்டர் பைப். இரண்டு மூன்று ராடுக்கு 90. ஸ்பின்னிங் ராடின் முதல் கைடு பெரியது; அதைத்தான் முதலில் அளக்க வேண்டும். ராடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, அகலமான இடத்தைச் சுற்றி ஒரு தாளைச் சுருட்டிப் பார்த்தால் எந்தக் குழாய் என்று தெரிந்துவிடும். நீளத்துக்கு, மிக நீளமான துண்டோடு பத்து சென்டிமீட்டர் கூட்டுங்கள். ஏழடி ராடின் துண்டு சுமார் 110 சென்டிமீட்டர் வரும், ஆகவே பைப் 120. அழுத்தம் தாங்கும் தரத்தில் 4 கிலோ பைப் போதுமானது, 2.5 கிலோ பைப் மிதித்தால் நசுங்கும், 6 கிலோ பைப் தோளில் கனக்கும்.

கூடவே எண்ட் கேப் இரண்டு, சால்வென்ட் சிமெண்ட் ஒரு சின்ன டப்பா, உப்புத்தாள், பழைய பள்ளிப்பையின் பெல்ட், தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

வெட்டிய விளிம்பை உள்ளும் புறமும் உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறில்லாமல் ஆக்குங்கள்; பிசிறு ராடுப் பையைக் கிழிக்கும், பிறகு ராடைக் கீறும். செருப்பிலிருந்து குழாயின் உள்ளளவுக்கு இரண்டு வட்டம் வெட்டி, இரு மூடிக்கும் உள்ளே ஒட்டுங்கள். அடி மூடியைச் சால்வென்ட் சிமெண்ட் போட்டு நிரந்தரமாக ஒட்டுங்கள். மேல் மூடிக்குச் சிமெண்ட் தொடக் கூடாது. மூடி இறுக்கமாக இருந்தால் பைப்பின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் மெழுகு பூசினால் வந்து போகும். மேல் மூடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி 4 மில்லிமீட்டரில் இரண்டு ஓட்டை போட மறக்காதீர்கள். ஓட்டை இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போது காற்று இழுத்துப் பிடிக்கும், உள்ளே ஈரமும் அடைந்து கிடக்கும். பெல்ட்டைத் திருகாணி போட்டு மாட்டாதீர்கள், நுனி உள்ளே நீட்டும். குழாயைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு அதில் கோத்துவிடுங்கள்.

ஒட்டி முடித்ததும் ராடைத் திணிக்க அவசரப்பட வேண்டாம். சால்வென்ட் ஆவி வார்னிஷை இளக்கக்கூடியது. வாய் திறந்து ஒரு முழு நாள் கிடக்கட்டும்.

உள்ளே வைக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நுனித் துண்டின் டிப், அடித் துண்டின் தடித்த பக்கத்தை ஒட்டிப் படுக்க வேண்டும். டிப்பைத் தாண்டி அடித் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் குழாய் செங்குத்தாக விழுந்தாலும் அடி டிப்பில் விழாது. டிப்புக்குத் தனி உறையும் போடுங்கள்: சொட்டுநீருக்குப் போடும் 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாயில் ஒரு அடி வெட்டி, நுனியை அதற்குள் விட்டு, பின்பக்கத்தை நூலால் கட்டினால் முடிந்தது. தோட்டத்தில் கிடக்கும் பழைய லேட்டரல் என்றால் உள்ளே உப்பும் மண்ணும் படிந்திருக்கும், கழுவிவிட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு ராடுக்கும் துணி உறையாகப் பனியன் துணியைத் தைக்காமலே பயன்படுத்தலாம். வட்ட மெஷினில் பின்னிய துணி குழாய் மாதிரியேதான் வரும். ஒரு முனையை முடிச்சுப் போட்டால் போதும்.

இந்தக் குழாய் வழிக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் ராடை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பைக், கார், பஸ்

பைக்கில் குறுக்காகக் கட்டுவது ராடுக்கும் ஆபத்து, எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. நீளவாக்கில் பக்கவாட்டில் கட்டினால் சைலன்சர் இல்லாத பக்கமாகக் கட்டுங்கள். சூடு ஒரு மணி நேரத்தில் பி.வி.சி.யை வளைத்துவிடும். குழாயாக இருந்தால் முதுகில் பெல்ட்டோடு குறுக்காக மாட்டிக்கொள்வதே நல்லது. 120 சென்டிமீட்டர் குழாய் தலைக்கு மேலே அதிகம் நீட்டாது. குழாயில்லாமல் வெறும் ராடைக் கட்டுகிறவர்கள் சைக்கிள் டியூப் பட்டையைத் தண்டின் மேலேயே இறுக்குகிறார்கள். அது சரியில்லை. கைப்பிடி மேல் கட்டுங்கள். தண்டுக்குத் துணி சுற்றித் தளர்வாக ஒரு கட்டு போதும். ரீலைக் கழற்றித் தனியாகப் பைக்குள் வையுங்கள். ரீல் மாட்டியபடி வண்டி குலுங்கினால் ரீலைப் பிடித்திருக்கும் சீட்டின் மரைகள் தளர்ந்து, ரீலின் காலும் சீட்டும் ஒன்றையொன்று அரைக்கும். ஈயக்குண்டு தனி டப்பாவில். ராடோடு ஒரே பையில் வேண்டாம்.

காரில் வருகிறவர்களுக்கு அடியை விட வெயில்தான் பிரச்சினை. நாற்பது டிகிரி நாளில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அறுபதைத் தாண்டும், பின் கண்ணாடிக்கு அடியில் இன்னும் அதிகம். காலையில் ஆழியாறில் தூண்டில் போட்டுவிட்டு மத்தியானம் எங்கோ விருந்துக்குப் போய் நான்கு மணி நேரம் காரை வெயிலில் விட்டால், டிப் பசை இளகவும் இரைகள் உருகவும் அது போதும். பின் சீட்டின் கால்வைக்கும் இடத்தில் கிடத்தி, மேலே கெட்டித் துணி போட்டு மூடுங்கள். பவானி ஜமுக்காளத்தில் ராடுகளைச் சுருட்டி வைத்தால் சூடும் தணியும், அதிர்வும் தணியும். கதவைச் சாத்தும் முன் நுனி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சாத்துங்கள்.

பஸ்ஸில் குழாயைப் படிக்கட்டுப் பக்கம் நிறுத்தாமல் சீட்டுக்கும் சன்னல் சுவருக்கும் நடுவே செங்குத்தாகச் செருகிக்கொள்வது நல்லது. மேல்தட்டில் வைத்தால் சரியும்.

பரிசலில் போகிறவர்கள் ராடை அடியில் போடுகிறார்கள். ஆள் நகரும்போதெல்லாம் கால் படும். விளிம்பில் வைத்து, இரண்டு இடத்தில் துணியால் கட்டினால் மிதிபடாது.

கரைக்குப் போனபின்

ராடைப் பூட்டும் இடம் முக்கியம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தோட்டங்களுக்கு நடுவே பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பிகள் பல இடங்களில் தாழ்ந்து தொங்குகின்றன. வாய்க்கால் மேட்டில் ஏறினால் இன்னும் பக்கம். பூட்டிய ராடைத் தூக்கிக்கொண்டு கம்பிக்கு அடியில் நடக்கவே கூடாது. தண்ணீர் ஓரத்துக்குப் போய், அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இடி சத்தம் கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பூட்டும் முன் ஒரு சின்னச் சோதனை. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு கைடு வளையத்தின் உள்ளும் சுற்றிவிடுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. அந்த வளையத்தை மாற்றும் வரை பிரெய்டு போடாதீர்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே போங்கள். நகம் தட்டும் மேடு, வெள்ளைப் புள்ளி, அழுத்தினால் மெத்தென்று கொடுக்கும் இடம் ஏதாவது தெரிந்தால் அந்த ராடைப் பெரிய மீனுக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக, தளர்த்தி வைத்த டிராக்கைத் திரும்ப அளவுக்குக் கொண்டு வர வேண்டும். நரம்பைக் கைடுகள் வழியே கோத்து, நுனியைக் கொக்கித் தராசில் கட்டி, ராடை வளைத்தபடி கூட இருப்பவரை இழுக்கச் சொல்லுங்கள். நரம்பு தாங்கும் கனத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ஸ்பூல் விட ஆரம்பிக்க வேண்டும். 6 கிலோ நரம்பென்றால் தராசு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ காட்டும்போது.